பல்லைப் பிடித்துப் பார்க்க வேண்டிய மாடு

ஜூன் நடுவில் காரைக்காலில் இரண்டு சந்தைகள் ஒரே நேரத்தில் சூடு பிடிக்கும். ஏப்ரல் 15-இல் தொடங்கிய 61 நாள் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலுக்குப் போகும். துறைமுகத்தில் மறுபடி ஏலக் குரல் கேட்கும். அதே நாட்களில், சாயங்காலம் கடற்கரைச் சாலையில் உட்காரும் எங்கள் கூட்டத்தில் தம்பி ஒருவன் போனை நீட்டுவான். "அண்ணே, சென்னையின் புது ஃபார்வர்டு எடுத்திருக்காங்க. ஒரு பைசா கொடுக்கலையாம், ஃப்ரீயாம்!"

எங்கள் ஊருக்கென்று தொழில்முறைக் கால்பந்து அணி கிடையாது. பிரான்சில் உறவுக்காரர்கள் உள்ள வீடுகளில் பாரிஸ் அணியைப் பற்றிப் பேச்சு வரும்; மற்றபடி முந்நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கும் சென்னையின் எஃப்சிதான் எங்களுக்குச் சொந்த அணி. 2015-இலும் 2017-18-இலும் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கோப்பையை வென்ற அணி அது. 2024-25-இல் பதின்மூன்று அணிகளில் பதினொன்றாவது. இப்படித் தள்ளாடும் அணிக்கு ஓசியில் ஆள் கிடைத்தால் தம்பிக்குச் சந்தோஷம் வராமல் என்ன செய்யும்? தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மவர்களே சொல்லிவைத்திருக்கிறார்கள். கால்பந்தில் மட்டும் அந்தப் பழமொழியைத் தலைகீழாகப் போட வேண்டும்.

ஃப்ரீ ஏஜென்ட் என்றால் எந்தக் கிளப்போடும் நடப்பில் ஒப்பந்தம் இல்லாத ஆட்டக்காரர். ஒப்பந்தம் உயிரோடு இருக்கும்போது அவரை வாங்கினால் பழைய கிளப்புக்கு மாற்றுத்தொகை கொடுக்க வேண்டும். ஒப்பந்தம் முடிந்துவிட்டால் கொடுக்க வேண்டியதில்லை. இது இயற்கை நியாயம்போலத் தோன்றுகிறது. ஆனால் ஐரோப்பாவிலேயே முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் நிலைமை அப்படி இல்லை. பெல்ஜியத்தின் லீஜ் நகர அணியில் ஆடிய ழான்-மார்க் பொஸ்மானுக்கு 1990-இல் ஒப்பந்தம் முடிந்தது. பிரான்சின் டன்கர்க் அணிக்குப் போக நினைத்தார். டன்கர்க்கும் நம் ஊரைப்போல ஒரு துறைமுக ஊர்தான். ஒப்பந்தம் முடிந்தவருக்கும் மாற்றுத்தொகை கேட்கலாம் என்பது அன்றைய வழக்கம். அந்த விவகாரத்தில் பேரம் முறிந்தது. பொஸ்மான் வழக்குப் போட்டார். 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வருவதற்குள் அவருடைய ஆட்ட வாழ்க்கை வீணாகிவிட்டது. பலன் முழுக்க அவருக்குப் பின்னால் வந்தவர்களுக்கு. அதே டிசம்பரில் சென்னையில் பிறந்த ஒரு பையனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இன்றைய ஃபிஃபா விதிப்படி, ஒப்பந்தம் முடிய ஆறு மாதம் இருக்கும்போதே ஆட்டக்காரர் வேறு கிளப்போடு கையெழுத்துப் போட்டுவிடலாம். இந்தியாவில் ஒப்பந்தங்கள் பெரும்பாலும் மே 31-இல் முடிகின்றன. ஆகவே டிசம்பரிலேயே காதும் காதும் வைத்தாற்போலப் பேச்சு ஓடும்; ஜூனில் நமக்குத் தெரியவரும்போது அது பழைய செய்தி. இன்னொரு சலுகையும் உண்டு. பதிவுக் காலம் மூடுவதற்குள் ஒப்பந்தம் முடிந்து சும்மா இருப்பவரை, மூடிய பிறகும் சேர்த்துக்கொள்ளத் தேசியச் சங்கம் அனுமதிக்கலாம். பருவத்தின் நடுவில் தோற்றுக்கொண்டிருக்கும் அணி அவசரத்துக்குக் கதவைத் தட்டுவது இவர்களிடம்தான்.

சரி, உண்மையிலேயே ஓசியா? மாற்றுத்தொகையில் மிச்சமான பணத்தை ஆட்டக்காரரின் ஏஜென்ட் கணக்குப் போட்டு வைத்திருப்பார். அதில் ஒரு பங்கு கையெழுத்துத் தொகையாகவும், இன்னொன்று கூடுதல் சம்பளமாகவும், மற்றொன்று அவருடைய கமிஷனாகவும் வெளியே போகும். அதைவிடப் பெரிய விலை, இடம். அண்மைப் பருவங்களில் ஓர் ஐஎஸ்எல் அணி ஆறு வெளிநாட்டவரைத்தான் வைத்துக்கொள்ளலாம். களத்தில் ஒரே நேரத்தில் நால்வர். பொருந்தாத ஒருவரை இரண்டு வருஷத்துக்கு எடுத்துவிட்டால் அந்த ஆறில் ஒன்று அடைபட்டுப் போகிறது. நடுவில் அனுப்பினால் மீதிச் சம்பளத்துக்குப் பதில் சொல்ல வேண்டும்.

மீன் கடையில் பழகியவர்கள் கூறு போட்ட மலிவு மீனைக் கண்டதும் பைக்குள் போடமாட்டார்கள். கட்டைவிரலால் செவுளைத் தூக்குவார்கள். சிவப்பாக இருக்க வேண்டும். கண் உள்ளே போயிருக்கக் கூடாது. வயிற்றை அழுத்தினால் குழி விழுந்து நிற்கக் கூடாது. விலை ஏன் இறங்கியது என்பதற்கு மீன் தன் உடம்பிலேயே பதில் வைத்திருக்கும். வரத்து அதிகமானதால் இறங்கியதா, நேற்றைய மீன் என்பதாலா? ஃப்ரீ ஏஜென்டிடமும் முதல் கேள்வி அதுதான்: இவர் ஏன் சந்தையில் நிற்கிறார்? பழைய கிளப் வேண்டாம் என்றதா, இவரே ஒப்பந்தம் முடியட்டும் என்று காத்திருந்தாரா, கிளப்பிடம் பணம் தீர்ந்துவிட்டதா? மூன்றும் வேறு வேறு மீன்கள்.

காத்திருந்து வந்தவருக்கு நல்ல உதாரணம் நந்தகுமார் சேகர். நான் சொன்ன சென்னைப் பையன். ஒடிசா எஃப்சியில் அவருக்கு அருமையான பருவம். ஒப்பந்தம் முடிந்ததும் 2023-இல் ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அந்த அணி அப்போது பரிதாபமாக இருந்தது. ஐஎஸ்எல்லில் சேர்ந்த மூன்று பருவங்களிலும் 9, 11, 9 என்றுதான் முடித்திருந்தது. பரம எதிரி மோகன் பகானை நாலரை ஆண்டுகளாக வென்றதில்லை. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பை ஆட்டம். நந்தகுமார் ஒரு கோல் போட்டார், அணி 1-0 என்று வென்றது. அடுத்த ஜனவரியில் சூப்பர் கோப்பை இறுதியில் ஒடிசாவுக்கு எதிராகவே, அதாவது பழைய முதலாளிக்கு எதிராக, இன்னொரு கோல். 3-2 என்று வென்று பன்னிரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு தேசியக் கோப்பை வீட்டுக்கு வந்தது. லீகில் மட்டும் அணி மறுபடி ஒன்பதாவது. இதை எந்தக் கணக்கில் வைப்பது? கல்கத்தாவில் கேட்டால் அந்த ஆகஸ்ட் கோல் ஒன்றே போதும் என்பார்கள். பட்டியலைப் பார்ப்பவன் உதட்டைப் பிதுக்குவான். நான் கல்கத்தாக்காரர் கட்சி.

வெற்றி கண்ட கை சும்மா இருக்குமா? 2024-இல் அதே கிளப், முந்தைய பருவத்தில் கேரளா பிளாஸ்டர்ஸுக்காக 13 கோல் போட்டுத் தங்கக் காலணி வாங்கிய கிரேக்கர் திமித்ரியோஸ் தியாமந்தகோஸை எடுத்தது. கோலுக்கு வழி அமைத்துக் கொடுப்பதில் அந்த லீகிலேயே முதலாவதாக இருந்த பிரெஞ்சுக்காரர் மதி தலாலைப் பஞ்சாபிலிருந்து கொண்டுவந்தது. இருவருக்கும் மாற்றுத்தொகை இல்லை. காகிதத்தில் இதைவிட நல்ல சந்தை கிடையாது. லீகின் முதல் ஆறு ஆட்டங்களிலும் அணி தோற்றது. நடுவிலேயே பயிற்சியாளர் விலகினார், டிசம்பரில் தலாலுக்கு முழங்கால் போனது, தியாமந்தகோஸ் அந்தப் பதின்மூன்றில் பாதியைக்கூட எட்டவில்லை. கடைசியில் அதே ஒன்பதாவது இடம்.

அந்தப் பதின்மூன்றை எப்படிப் படித்திருக்க வேண்டும் என்பதற்கு ஒரு கருவி இருக்கிறது. எதிர்பார்ப்புக் கோல் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ஜி என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். ஒவ்வொரு உதையையும் எங்கிருந்து, எந்தக் கோணத்தில், காலாலா தலையாலா என்று பார்த்து, அதேபோன்ற ஆயிரக்கணக்கான பழைய உதைகளில் எத்தனை கோலானது என்று ஒப்பிடுகிறார்கள். பெனால்டி என்றால் நான்கில் மூன்று உள்ளே போகும். பெட்டிக்கு வெளியே தூரத்திலிருந்து அடித்தால் நூற்றுக்கு மூன்றோ நான்கோ. இந்தச் சின்னச் சின்ன வாய்ப்புகளைக் கூட்டினால், ஒரு சராசரிக் கால் எத்தனை கோல் போட்டிருக்கும் என்பது வரும். அதைவிட மிக அதிகமாகப் போட்டவருக்கு அடுத்த வருஷம் இறங்குமுகம் இருக்கவே வாய்ப்பு அதிகம். திறமை போய்விடாது, அதிர்ஷ்டத்தின் பங்கு கழிந்துபோகும். பெனால்டிகளைத் தள்ளிவிட்டு, மொத்த கோலை ஆடிய நிமிடங்களால் வகுத்து, தொண்ணூறு நிமிடத்துக்கு எவ்வளவு என்று பார்ப்பது அதற்கு முந்தைய படி. போன் இருக்கிற யாரும் போடக்கூடிய கணக்கு. தங்கக் காலணி என்ற சொல்லைக் கேட்டதும் இந்த வகுத்தலை யாரும் செய்வதில்லை.

ஆனாலும் எண்கள் தனியாகச் செவுளைத் தூக்கிக் காட்டாது. அதற்கு எங்கள் சென்னையின் கதை. 2018-19-இல், நடப்பு சாம்பியன் என்ற பட்டத்தோடு 18 ஆட்டங்களில் 9 புள்ளி மட்டும் எடுத்துக் கடைசி இடம். 2019 கோடையில் அணியைப் பிரித்துப்போட்டு ஆள் எடுத்தார்கள். லிதுவேனியாவின் நெரியுஸ் வால்ஸ்கிஸ், பிரேசிலின் ரஃபேல் கிரிவெல்லாரோ, மால்டாவின் ஆந்த்ரே ஷெம்பிரி. எங்கள் கூட்டத்தில் மூன்றில் ஒரு பெயரையும் யாரும் கேள்விப்பட்டதில்லை. முதல் நான்கு ஆட்டங்களில் ஒரு கோல்கூட இல்லை. எடுத்ததெல்லாம் குப்பை என்று தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எழுதியவர்களில் நானும் ஒருவன். ஐந்தாவது ஆட்டம் ஹைதராபாத்தோடு. தொண்ணூறு நிமிடமும் 0-0. காயநேரத்தில் ஷெம்பிரி போட்டார், ஹைதராபாத் சமன் செய்தது, கடைசி மூச்சில் வால்ஸ்கிஸ் போட்டார். 2-1.

ஆறு ஆட்டம், ஐந்து புள்ளி என்ற நிலையில் பயிற்சியாளர் ஜான் கிரெகரி விலகி ஓவன் கோய்ல் வந்தார். அதே ஆட்கள். அடுத்த பன்னிரண்டு ஆட்டங்களில் 24 புள்ளி. கோய்ல் பந்தை வேகமாக முன்னால் அனுப்பச் சொன்னார். கிரிவெல்லாரோ காலில் பந்து வந்தது, விங்கர் சாங்டே ஓரத்தில் ஓடினார், வால்ஸ்கிஸ் அவர் நிற்க வேண்டிய இடத்தில் நின்றார். நான்காவதாக முடித்து, அரையிறுதியில் கோவாவை இரண்டு ஆட்டமும் சேர்த்து 6-5 என்று தாண்டி, 2020 மார்ச் 14 அன்று கொரோனா காரணமாக ஆளில்லாத அரங்கில் நடந்த இறுதியாட்டத்தில் ஏடிகேயிடம் 3-1 என்று தோற்றார்கள். சென்னையின் அந்த ஒற்றைக் கோலும் வால்ஸ்கிஸுடையது. பருவத்தில் 15 கோல், தங்கக் காலணி.

அப்புறம் நடந்ததுதான் பாடம். ஒப்பந்தம் முடிந்ததும் வால்ஸ்கிஸ், கோய்லின் பின்னாலேயே ஜாம்ஷெட்பூருக்குப் போய்விட்டார். ஓசியில் வந்தவர் ஓசியில் போனார். சென்னைக்கு ஒரு ரூபாய் இல்லை. 2020-21-இல் கிரிவெல்லாரோவுக்குக் காயம். அந்தப் பருவம் சென்னையின் 20 ஆட்டத்தில் 17 கோல், 11 டிரா, எட்டாவது இடம். 2022 ஜனவரியில் வால்ஸ்கிஸ் திரும்பி வந்தபோது தம்பி எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தான். அதே பெயர், அதே நீலச் சட்டை. பந்து கொடுத்த கூட்டம் கலைந்திருந்தது. மறுபடி எட்டாவது.

பத்தாவது ஆட்டம் வரை புது ஆளைப் பற்றித் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்று அன்றிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு போட்டு வைத்திருக்கிறோம். நான்காவது ஆட்டத்தைத் தாண்டி இதுவரை ஒருவரும் அதைக் காப்பாற்றியதில்லை.