ஸ்கோர் ஷீட்டைக் கசக்கிப் போடாதீர்கள்!

ஞாயிற்றுக்கிழமை ஓப்பன் டோர்னமென்ட் நடக்கிற ஏதாவது ஒரு பள்ளி வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள். தோற்று வெளியே வரும் பையனிடமிருந்து ஸ்கோர் ஷீட்டை வாங்கி, அப்பா மொபைலில் நகர்த்தல்களைத் தட்டுகிறார். 23-வது நகர்த்தலில் இன்ஜின் சிவப்பாக இரட்டைக் கேள்விக்குறி போடுகிறது. “பாத்தியா, இங்கதான் யானையைச் சும்மா விட்டிருக்க!” அலசல் அத்தோடு முடிந்தது. தாள் கசங்கிக் குப்பைக்குப் போகிறது. அதற்குள் அடுத்த சுற்றுக்குப் பேரிங் ஒட்டிவிட்டார்கள்.

யானை போனது என்னவோ 23-ல்தான். ஆனால் எட்டாவது நகர்த்தலிலேயே பையனின் காய்கள் ஒன்றையொன்று மறித்துக்கொண்டு நின்றன. பதினான்கைத் தாண்டியதும் என்ன செய்வதென்று தெரியாமல் ஓரச் சிப்பாய்களைத் தள்ளிக்கொண்டிருந்தான். அதை யாரும் பார்க்கவில்லை. மூச்சுத் திணறும் பொசிஷனில் உட்கார்ந்திருப்பவன் எங்காவது ஒரு காயை விடத்தான் செய்வான். விட்ட இடத்தை மட்டும் பார்த்துவிட்டு, திணறல் எங்கே தொடங்கியது என்று தேடாததால்தான் பலர் ஒரே ரேட்டிங்கில் வருடக்கணக்காக நிற்கிறார்கள்.

யூவே போட்ட பாதை

கிராண்ட்மாஸ்டர்கள் ஆடிய ஆட்டங்களை ரசிக்கலாம். ஆனால் நம் தவறுகள் அவற்றில் கிடைக்காது. இரண்டு பக்கமும் சரியாக ஆடுவதால், நாம் செய்யும் தவறு அங்கே பலகைக்கே வராது. அதற்கு என்ன தண்டனை என்பதும் தெரியாமல் போகும்.

இந்த இடைவெளியை முதலில் முறையாக நிரப்பியவர்களில் ஒருவர் நெதர்லாந்தின் மாக்ஸ் யூவே. 1935-ல் அலெக்கைனை வென்று உலக சாம்பியன் ஆனவர். பிழைப்புக்குக் கணித ஆசிரியர் வேலை பார்த்தவர். பின்னாளில், 1970 முதல் 1978 வரை, ஃபிடே தலைவராகவும் இருந்தார். வால்டர் மைடன் என்ற அமெரிக்கப் பேராசிரியருடன் சேர்ந்து 1963-ல் இவர் வெளியிட்ட ‘செஸ் மாஸ்டர் வெர்சஸ் செஸ் அமெச்சூர்’ புத்தகத்தில், மாஸ்டர் ஒருபக்கம், அமெச்சூர் மறுபக்கம் என 25 ஆட்டங்கள் உண்டு. அமெச்சூர் ஏன் அந்தக் காயை எடுத்தார், அவர் மனதில் என்ன ஓடியிருக்கும், அது ஏன் போதாது என்று ஒவ்வொரு நகர்த்தலாக அலசியிருப்பார்கள். மைடனும் அமெச்சூர்தான் என்பதால் கேள்விகள் சரியான இடத்தில் விழுந்தன.

பயந்து ஆடிய ஒரு சிப்பாய்

கிளப் மட்டத்தில் சகஜமாக வரும் ஒரு வரிசையைப் பார்ப்போம். பலகையை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை இ4, கருப்பு இ5. குதிரை எஃப்3, குதிரை சி6. மூன்றாவதாக வெள்ளை பிஷப் சி4. இத்தாலியன் ஓப்பனிங்தான். இங்கே கருப்பு ஓரச் சிப்பாயை ஹெச்6-க்குத் தள்ளுகிறது.

ஏன் என்று கேட்டால், “குதிரை ஜி5-க்கு வந்து எஃப்7-ஐ அடிச்சிடும் சார்” என்று பதில் வரும். இந்தப் பொசிஷனில் அந்தப் பயத்துக்கு இடமே இல்லை. கருப்பின் ஜி8 குதிரை இன்னும் நகரவில்லை. டி8-ல் இருக்கும் ராணிக்கு ஜி5 வரை பாதை திறந்தே கிடக்கிறது. குதிரை ஜி5-க்கு வந்தால் ராணி அதைச் சும்மா எடுத்துக்கொள்ளும். வராத ஆபத்துக்காக ஒரு டெம்போ போய்விட்டது.

தொடர்ந்து வெள்ளை கேஸ்லிங், கருப்பு டி6. வெள்ளை சி3, கருப்பு பிஷப் ஜி4. குதிரையைக் கட்டிப்போட்டுவிட்டோம் என்ற நிம்மதி கருப்புக்கு. ஆறாவது நகர்த்தலில் வெள்ளை ராணி பி3-க்கு வருகிறது. பி7 சிப்பாய்க்கும் எஃப்7 சிப்பாய்க்கும் ஒரே நேரத்தில் குறி. கருப்பு ராணி டி7-க்கு வந்து எஃப்7-ஐக் காத்தால் பி7 போகும். இதைக் கவனிக்காமல் கருப்பு பிஷப் எஃப்3 குதிரையை வெட்டினால் என்ன ஆகும்? பிஷப் எஃப்7-ல் வெட்டி செக். பின்னால் ராணி நிற்பதால் ராஜா அதை எடுக்க முடியாது. இ7 போனாலும் டி7 போனாலும், அடுத்து ராணி இ6. மேட். எட்டே நகர்த்தலில் ஆட்டம் முடிந்தது.

மொபைலைக் கேட்டால் பிஷப் வெட்டியதற்குத்தான் சிவப்புக் குறி போடும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ராஜாவுக்கு ஓட இடம் ஏன் இல்லை? எஃப்8-ல் பிஷப் இன்னும் குடியிருக்கிறது. மூன்றாவது நகர்த்தலில் ஹெச்6-க்குப் பதிலாக அந்த பிஷப் சி5-க்கு வந்திருந்தால், எஃப்7 செக்குக்கு ராஜா எஃப்8-க்கு ஒதுங்கியிருக்கும். ஆக இந்த ஆட்டத்திலிருந்து குறித்துக்கொள்ள வேண்டிய வரி இது: “மிரட்டல் உண்மையா என்று பார்க்காமல் ஓரச் சிப்பாயைத் தொடாதே.” ஒரு டிராப்பை மனப்பாடம் செய்தால் அந்த ஒன்றிலிருந்து தப்பலாம். இந்த வரி மனதில் இருந்தால் எல்லா ஓப்பனிங்கிலும் உதவும்.

சிவப்புக் குறி விழாத தவறு

பொசிஷனல் ஆட்டத்தில் சிக்கல் இன்னும் நுட்பமானது. குயின்ஸ் காம்பிட் டிக்லைன்டில், வெள்ளை சி-சிப்பாயால் டி5-ல் வெட்ட, கருப்பு இ-சிப்பாயால் திருப்பி எடுக்கும் எக்ஸ்சேஞ்ச் வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு கருப்பு சி6 ஆடி டி5-க்கு முட்டுக்கொடுக்கும். இரண்டு பக்கமும் கேஸ்லிங் முடித்து, காய்களை நல்ல கட்டங்களில் வைத்தாயிற்று. அமெச்சூர் வெள்ளை இப்போது ஹெச்3 ஆடுகிறார், ஏ3 ஆடுகிறார், ஒரு யானையை டி1-க்குக் கொண்டுவந்து, அதையே மறுபடி சி1-க்கு நகர்த்துகிறார். இன்ஜினைப் போட்டால் எல்லாம் பச்சை. மதிப்பீடு பெரிதாக இறங்கவில்லை. “தவறு எதுவும் இல்லை” என்று சான்றிதழ் கிடைக்கிறது. ஆனால் பத்து நகர்த்தலில் ஒரு திட்டம்கூட இல்லை.

சிப்பாய்களை எண்ணிப் பார்த்தால் திட்டம் தானாகத் தெரியும். ராணிப் பக்கத்தில் வெள்ளைக்கு ஏ, பி என இரண்டு சிப்பாய்கள். கருப்புக்கு ஏ, பி, சி என மூன்று. இருக்கும் இரண்டைக் கொண்டு மூன்றை உடைப்பதுதான் மைனாரிட்டி அட்டாக். யானையை பி1-ல் வை, பி4 தள்ளு, ஏ4 தள்ளு, பி5-ல் மோது. கருப்பு பி5-ல் வெட்டினால் டி5 சிப்பாய் துணையில்லாமல் தனியாகிவிடும். வெள்ளையை சி6-ல் வெட்டவிட்டு பி-சிப்பாயால் திருப்பி எடுத்தால், சி6 சிப்பாய் பின்தங்கி, பாதி திறந்த சி வரிசையில் வெள்ளை யானைகளுக்கு இலக்காகும். சி5 தள்ளித் தப்பலாம் என்றால் டி-சிப்பாய் வெட்டும், மறுபடி டி5 தனிமரம். எந்த வழியில் போனாலும் ஒரு பலவீனம் மிஞ்சும்.

கருப்பும் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. குதிரையை இ4-ல் நிறுத்தி ராஜா பக்கம் தாக்கலாம். அல்லது டி6 வழியாக சி4-க்குக் கொண்டுபோய் சி வரிசையை அடைக்கலாம். உங்கள் ஆட்டத்தில் இந்த அமைப்பு ஒருமுறை வந்து, அதை இந்த அளவுக்கு அலசிவிட்டால், அதே சிப்பாய் அமைப்பு வேறு ஓப்பனிங்கில் வந்தாலும் கை தானாகச் சரியான பக்கம் போகும்.

இதற்கு ஆய்வுச் சான்றும் உண்டு. உளவியல் ஆய்வாளர்கள் சேஸ், சைமன் இருவரும் 1973-ல் வெளியிட்ட சோதனையில், உண்மை ஆட்டத்தின் பொசிஷனைச் சில விநாடிகள் காட்டினால் மாஸ்டர் பெரும்பாலான காய்களை நினைவிலிருந்து அடுக்கினார். காய்களை ஒழுங்கில்லாமல் வைத்துக் காட்டியபோது புதியவரைவிடப் பெரிதாக மேல் என்று சொல்ல முடியவில்லை. மாஸ்டரின் பலம் பொதுவான ஞாபக சக்தியில் இல்லை, பழகிய அமைப்புகளில் இருக்கிறது.

எப்படி அலசுவது?

முதலில், ஆட்டம் முடிந்த சூட்டோடு எதிராளியுடன் உட்கார்ந்து ‘போஸ்ட்மார்ட்டம்’ செய்யுங்கள். அவர் எதற்குப் பயந்தார் என்பது எந்த இன்ஜினிலும் கிடைக்காது. அன்றிரவே, ஒவ்வொரு முக்கிய நகர்த்தலிலும் என்ன நினைத்தீர்கள் என்று நோட்டில் எழுதுங்கள். ரேபிட் ஆட்டத்தில் நகர்த்தல் எழுதும் கட்டாயம் இல்லை என்பதால், நினைவிலிருந்து எழுதிப் பழகுவது நல்லது.

அடுத்து, தெரிந்த ஓப்பனிங் பாதையிலிருந்து முதலில் விலகியது யார், எந்த நகர்த்தலில் என்று பாருங்கள். அந்த ஓர் இடத்துக்கு மட்டும் சரியான பதிலைத் தேடிச் சேர்த்துக்கொண்டால் போதும். ஆட்டத்துக்கு ஒரு நகர்த்தல் என்று சேர்ந்தாலே, உங்களுக்கென்று ஒரு ஓப்பனிங் நோட்டு உருவாகிவிடும்.

பிறகு, சிப்பாய் அமைப்பு மாறிய இடங்களிலும் காய்கள் வெட்டுப்பட்ட இடங்களிலும் நின்று மூன்று கேள்விகள் கேளுங்கள். என் காய்களில் எது சும்மா இருக்கிறது? எந்தச் சிப்பாயைத் தள்ளி ஆட்டத்தைத் திறக்கலாம்? இந்த வெட்டால் யாருடைய காய் நல்ல காயானது?

இன்ஜின் கடைசியில்தான். உங்கள் முடிவை எழுதி வைத்துவிட்டு, அது ஒத்துப்போகிறதா என்று மட்டும் பாருங்கள். 2024-ல் 18 வயதில் உலக சாம்பியன் ஆன நம் சென்னைப் பையன் குகேஷை, பயிற்சியாளர் விஷ்ணு பிரசன்னா ஆரம்ப ஆண்டுகளில் இன்ஜின் பக்கமே விடவில்லை. உலக சாம்பியனாக இருந்த பொட்வின்னிக் சொன்னதும் ஏறக்குறைய இதுதான்: உன் ஆட்டங்களை நீயே அலசு, அதை வெளியிடு, அடுத்தவர் குறை சொல்லட்டும். அவரிடம் பயின்றவர்களில் கார்போவ், காஸ்பரோவ், கிராம்னிக் மூவரும் உலக சாம்பியன்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. புதிய ஓப்பனிங் கோர்ஸுக்குப் பணம் கட்டுவதை ஒரு மாதம் தள்ளிப்போடுங்கள். பிள்ளை கடைசியாக ஆடிய பத்து ஆட்டங்களை எடுத்துக் கொடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரே ஒரு பாடத்தை அவன் கைப்பட எழுதச் சொல்லுங்கள். பத்தில் நாலைந்து பாடம் ஒன்றுபோலவே இருக்கும். அடுத்த மாதப் பயிற்சியை அதிலிருந்து தொடங்குங்கள்.