பாட்டி சொன்ன ஒரு சொல்லும் நான் செய்த ஆய்வு வேலையும்

சென்ற அக்டோபர் மாதம், ஒரு புதன்கிழமை இரவு. சாப்பிட்டு முடித்துவிட்டுப் பாட்டி வழக்கம்போல் கோப்பி ஓ கோசோங் குடித்துக்கொண்டிருந்தார். நீரிழிவு வந்த பிறகு சீனியும் பாலும் அவர் குவளையில் விழுவதில்லை.

“காலையில மாத்திரைய விட்டுட்டேன் கண்ணு. ராத்திரி மாத்திரையாவது ஒழுங்கா போடணும். அந்த டப்பாவ எடுத்துக் குடு,” என்றார்.

டப்பாவைக் கொடுத்துவிட்டு அறைக்குத் திரும்பியவள் அப்படியே நின்றுவிட்டேன். பாட்டி மாத்திரையை நிறுத்திவிடவில்லை. அன்று காலை போட்டுக்கொள்ள மறந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனால், அதே ‘விட்டுட்டேன்’ என்ற சொல்லைக் கடந்த பத்து வாரங்களாக நான் ‘நிறுத்திவிட்டேன்’ என்ற பொருளில் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். அதற்குச் சம்பளமும் வாங்கிக்கொண்டிருந்தேன்.

நான் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படிக்கும் இரண்டாம் ஆண்டு மாணவி. பகுதிநேர ஆய்வு உதவியாளராக வேலை செய்கிறேன். இந்த வேலையைப் பற்றி என் தொடக்கக் கல்லூரித் தோழிகளும் உயர்நிலைப் பள்ளியில் படிக்கும் என் தம்பியின் நண்பர்களும் அடிக்கடி கேட்கிறார்கள். எப்படிக் கிடைக்கும், எவ்வளவு கிடைக்கும், சான்றிதழ் தருவார்களா என்பவைதான் பெரும்பாலான கேள்விகள். அவற்றுக்குப் பதில் சொல்கிறேன். யாரும் கேட்காத ஒன்றையும் சேர்த்தே சொல்கிறேன்.

30 வெள்ளியா, 12 வெள்ளியா?

முதலாம் ஆண்டில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் இருவருக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுத்தேன். மணிக்கு 30 வெள்ளி. இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்தில் எங்கள் துறையிலிருந்து மின்னஞ்சல் ஒன்று வந்தது. நீரிழிவுடன் வாழும் மூத்தோரைப் பற்றிய ஆய்வுக்குத் தமிழ் கேட்டுப் புரிந்துகொள்ளவும் எழுதவும் தெரிந்த மாணவர் தேவை, வாரத்திற்கு எட்டு மணி நேர வேலை, மணிக்கு 12 வெள்ளி சம்பளம் என்று அதில் இருந்தது.

அம்மாவிடம் சொன்னேன். “30 வெள்ளிய விட்டுட்டு 12 வெள்ளிக்குப் போறியா? கணக்குத் தெரியுமா உனக்கு?” என்று கேட்டார்.

கணக்குத் தெரியும். ஆனாலும் ஒரு பிள்ளையின் துணைப்பாடத்தை மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலைக்கு விண்ணப்பித்தேன். பட்டப்படிப்புக்குப் பிறகு ஆய்வுத் துறைக்குப் போகலாமா என்று எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. அந்தத் துறையில் ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமை எப்படி இருக்கும் என்பது விரிவுரையில் உட்கார்ந்திருந்தால் தெரியாது.

இன்னொரு காரணமும் உண்டு. நம் நாட்டில் இந்தியர்களிடையே நீரிழிவு விகிதம் சீனர்களிடையே இருப்பதைவிட அதிகம். 2016ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தபோது நான் தொடக்கப்பள்ளி மாணவி. எங்கள் வீட்டில் அந்தப் போர் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

என்னென்ன வேலைகள் உண்டு?

ஆய்வு உதவியாளர் என்றால் வெள்ளை அங்கி, நுண்ணோக்கி என்று பலர் நினைக்கிறார்கள். அறிவியல் துறைகளில் அதுவும் உண்டு. ஆனால் இளநிலை மாணவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் பொறுமை கேட்கும் வேலை. கருத்தாய்வு விடைகளை எக்செல் கோப்பில் பதிவுசெய்வது, பழைய ஆய்வுக் கட்டுரைகளைத் தேடிச் சுருக்கம் எழுதுவது, ஆய்வில் பங்கேற்போரை அழைத்து நேரம் குறிப்பது, ஒலிப்பதிவுகளை எழுத்தாக்குவது, அவற்றை மொழிபெயர்ப்பது போன்றவை. நிரலெழுதத் தெரிந்தவர்கள் ஆர், பைத்தான் கொண்டு தரவுகளைச் சுத்தம் செய்வார்கள். வரலாற்றுத் துறை நண்பர் ஒருவர் விக்டோரியா ஸ்திரீட்டிலுள்ள தேசிய நூலகத்தில் பழைய தமிழ் நாளிதழ்களின் நுண்படச் சுருள்களை நாள் முழுதும் சுற்றிச் சுற்றிப் பார்க்கிறார்.

சம்பளத்திற்குச் செய்யும் இந்த வேலைகள் வேறு, பாடத்திட்டத்தோடு இணைந்த ஆய்வுத் திட்டங்கள் வேறு. சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் ‘யூரோப்’, நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘யுரேக்கா’ ஆகியவை இரண்டாம் வகை. அவற்றில் மாணவர் பேராசிரியரின் வழிகாட்டலில் தமக்கென ஓர் ஆய்வைச் செய்வார். உதவியாளரோ பிறருடைய ஆய்வில் ஒரு பகுதியைச் செய்வார். எது வேண்டும் என்று முதலில் தெளிவாகிக்கொள்ளுங்கள்.

ஆறு மணி நேரமும் ஒரு தவறும்

வேலையில் சேர்ந்ததும் யாரும் ஒலிப்பதிவைக் கையில் கொடுத்துவிடவில்லை. முதலில் ஆய்வு நெறிமுறை குறித்த இணையப் பயிற்சியை முடித்துத் தேர்வில் தேறவேண்டும். பங்கேற்பாளர் எதற்கு இணக்கம் தெரிவித்திருக்கிறார், அவர் பெயரை எப்படி நீக்குவது, கோப்பை எந்தக் கணினியில் மட்டும் திறக்கலாம் என்பதெல்லாம் அதில் உண்டு. இரகசியக் காப்புப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டேன். அதனால்தான் ஆய்வில் யார் என்ன சொன்னார் என்பதை இங்கே நான் எழுதவில்லை. பேராசிரியரிடம் அனுமதி கேட்ட பிறகே என் தவறைப் பற்றி எழுதுகிறேன்.

45 நிமிட ஒலிப்பதிவு ஒன்றைத் தமிழில் எழுதி ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க எனக்கு ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடித்தது. கணினி மென்பொருள் பெரிதாக உதவவில்லை. நம் மூத்தோர் ‘பசியாறிட்டு பாசார் போனேன்’ என்று பேசுபவர்கள். ஒரே வாக்கியத்தில் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றும் வரும். மென்பொருள் திணறிவிடும். அந்த இடத்தில்தான் என்னைப் போன்றவர்கள் தேவைப்படுகிறோம்.

சாதாரண நிலைத் தேர்வில் தமிழில் சிறப்புத் தேர்ச்சி பெற்றவள் என்ற தைரியம் எனக்கு இருந்தது. பத்து வாரங்களில் 14 பதிவுகளை முடித்துக் கொடுத்தேன். குழுவிலிருந்த முழுநேர ஆய்வாளருக்குத் தமிழ் தெரியாது. என் ஆங்கில மொழிபெயர்ப்பை வைத்துத்தான் அவர் யார் யார் மருந்தைத் தாமாகவே நிறுத்தினார்கள் என்று பட்டியல் போட்டுக்கொண்டிருந்தார்.

பாட்டி பேசிய அந்த இரவு, மடிக்கணினியைத் திறந்து என் நேரக் குறிப்பேட்டைப் பார்த்தேன். கோப்புகளை வீட்டில் திறக்க அனுமதியில்லை. ஆனால் எத்தனை இடங்களில் அந்தச் சொல் வந்தது என்று ஓரளவு நினைவிருந்தது. ‘30 வெள்ளிய விட்டுட்டு’ என்று அம்மா சொன்னபோது அது கைவிடுவது. ‘காலையில மாத்திரைய விட்டுட்டேன்’ என்று பாட்டி சொன்னபோது அது தவறவிட்டது. வீட்டில் இரண்டையும் தினமும் கேட்டு வளர்ந்த நான், ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்ததும் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஒரு நோயாளி மருந்தை வேண்டாம் என்று முடிவெடுத்து நிறுத்துவதும் வேலை அவசரத்தில் ஒருவேளை மறப்பதும் ஒன்றல்ல. முன்னவருக்கு ஏன் நம்பிக்கை இல்லை என்று கேட்கவேண்டும். பின்னவருக்கு நாள்வாரியாகப் பிரித்த மாத்திரைப் பெட்டி போதும். என் ஒரு சொல்லால் நம் மூத்தோர் சிலர் மருத்துவர் பேச்சைக் கேட்காதவர்களாக ஓர் ஆய்வறிக்கையில் பதிவாகவிருந்தார்கள். அதுவும் வெள்ளிக்கிழமையே ஒரு மாநாட்டுக்குச் சுருக்கம் அனுப்பவேண்டியிருந்தது.

அனுப்பவா, வேண்டாமா?

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உடனே மின்னஞ்சல் அனுப்பவில்லை. சொன்னால் வேலை போய்விடும் என்று பயந்தேன். பேராசிரியரிடம் பின்னாளில் பரிந்துரைக் கடிதம் கேட்க நினைத்திருந்தேன், அதுவும் போய்விடும் என்று தோன்றியது. தமிழ் தெரிந்தவர் குழுவில் வேறு யாரும் இல்லை, நான் சொல்லாவிட்டால் ஒருவருக்கும் தெரியப்போவதில்லை என்றும் தோன்றியது. அந்தக் கடைசி எண்ணம்தான் என்னைத் தூங்கவிடவில்லை. யாராலும் சரிபார்க்க முடியாது என்பதால்தானே என்னை நம்பி இந்த வேலையைக் கொடுத்திருக்கிறார்கள்?

விடியற்காலை நான்கு வரிகளில் மின்னஞ்சல் எழுதினேன். என்ன தவறு, எந்தச் சொல், எத்தனை கோப்புகளில் இருக்கலாம், எப்போது சரிபார்த்து முடிப்பேன். மன்னிப்புக் கேட்டு ஒரு பத்தி எழுதியிருந்தேன். பிறகு அதை ஒரே வரியாகச் சுருக்கினேன்.

காலை ஒன்பது மணிக்குள் ஆய்வாளரிடமிருந்து பதில் வந்தது. மாநாட்டுச் சுருக்கத்திலிருந்து அந்த எண்ணிக்கையை நீக்கிவிடுவதாகவும் பிற்பகலில் அலுவலகத்திற்கு வரும்படியும் எழுதியிருந்தார். 14 பதிவுகளையும் மறுபடியும் கேட்டேன். ஐந்து பதிவுகளில் அந்தச் சொல் இருந்தது. மூன்றில் நான் எழுதியது தவறு. ஒன்றில் எத்தனை முறை கேட்டும் எந்தப் பொருள் என்று சொல்லமுடியவில்லை. அதைத் தெளிவில்லை என்றே குறிக்கச் சொன்னார்கள். ‘தெளிவில்லை’ என்று எழுதலாம் என்பதே எனக்கு அன்றுவரை தெரியாது. பள்ளித் தேர்வில் விடையைக் காலியாக விட்டால் மதிப்பெண் போய்விடும் அல்லவா, அந்தப் பழக்கம்.

இப்போது எங்கள் கோப்பில் மூன்று பத்திகள் இருக்கின்றன. ஒன்றில் தமிழ் மூலம், ஒன்றில் ஆங்கிலம், மூன்றாவதில் ஐயங்கள். தமிழ் தெரிந்த இன்னொரு மாணவரும் சேர்ந்திருக்கிறார். சில பதிவுகளை இருவரும் தனித்தனியே மொழிபெயர்த்து ஒப்பிடுகிறோம்.

அந்த மாத நேரக் கணக்கை அனுப்பியபோது, சரிபார்ப்பதற்குச் செலவிட்ட 11 மணி நேரத்தை நான் சேர்க்கவில்லை. என் தவறுக்கு நான் எப்படிக் காசு கேட்பது? ஆய்வாளர் கணக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். சரிபார்ப்பதும் வேலையின் ஒரு பகுதிதான், செய்த நேரத்தை மறைத்தால் அதுவும் பிழையான தரவுதான் என்றார். 132 வெள்ளி. அந்தப் பணத்தை வாங்கும்போது முதன்முறையாக என்னை ஓர் ஆய்வு உதவியாளராக உணர்ந்தேன்.

விண்ணப்பிக்க விரும்புவோருக்கு

முதலில், அறிவிப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. உங்களுக்குப் பிடித்த பாடத்தின் பேராசிரியர் என்ன ஆய்வு செய்கிறார் என்று துறையின் இணையப்பக்கத்தில் பாருங்கள். அவருடைய ஒரு கட்டுரையையாவது படித்துவிட்டுச் சுருக்கமாக எழுதுங்கள். ஏன் ஆர்வம், என்ன தெரியும், வாரத்திற்கு எத்தனை மணி நேரம் முடியும் என்பவை போதும். ஒரே கடிதத்தைப் பத்துப் பேருக்கு அனுப்பினால் பத்துப் பேருக்கும் அது தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டலாம்.

சேருமுன் கேட்கவேண்டியவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். மணிக்கு எவ்வளவு, எப்போது சம்பளம் வரும், தேர்வு வாரங்களில் நேரத்தைக் குறைத்துக்கொள்ளலாமா, வேலையைச் சரிபார்ப்பவர் யார்? இந்தக் கடைசிக் கேள்வியை நான் கேட்கவில்லை. ஆய்வு வெளியாகும்போது உதவியாளரின் பெயர் நன்றியுரையில் வருமா என்றும் கேட்கலாம். கட்டுரை ஆசிரியர்களில் ஒருவராகப் பெயர் வர, ஆய்வின் சிந்தனையிலோ பகுப்பாய்விலோ எழுத்திலோ உண்மையான பங்கு வேண்டும். பதிவுகளை எழுத்தாக்குவது மட்டும் அதற்குப் போதாது.

வெளிநாட்டு மாணவர்கள் ஒன்றைக் கவனிக்கவேண்டும். மனிதவள அமைச்சின் பட்டியலில் உள்ள கல்வி நிலையங்களில் முழுநேரமாகப் படிப்போர், தவணைக் காலத்தில் வாரத்திற்கு 16 மணி நேரம் வரைதான் வேலை அனுமதி இல்லாமல் பணிபுரியலாம். துணைப்பாடம், கடை வேலை என்று வேறு எது செய்தாலும் அந்த நேரத்தையும் கூட்டிப் பாருங்கள்.

உயர்நிலைப் பள்ளியில் தமிழ் வகுப்பை எப்படியாவது ஓட்டிவிட்டால் போதும் என்று நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. இந்த வேலைக்கு என் மதிப்பெண்ணைப் பார்த்து எடுக்கவில்லை. என்னைவிட நல்ல மதிப்பெண் பெற்றவர்கள் துறையில் நிறைய உண்டு. தமிழ் தெரிந்தவர்கள்தாம் குறைவு. ஆனால் தேர்வுத் தமிழ் மட்டும் என்னைக் காப்பாற்றவில்லை. பாட்டியோடு உட்கார்ந்து பேசியதுதான் காப்பாற்றியது.

இப்போதெல்லாம் பாட்டி ‘விட்டுட்டேன்’ என்றால், “எதப் பாட்டி, மறந்துட்டீங்களா, நிறுத்திட்டீங்களா?” என்று கேட்கிறேன்.

“மறந்துதான் போனேன். நிறுத்துனா ஒங்கம்மா சும்மா விடுவாளா?” என்கிறார்.

அது வேறொரு ‘விடுவது’. அதற்கும் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன்.