பட்டறைக்காரருக்கு என்ன லாபம்?

தொழிற்கல்விப் பிரிவில் பிளஸ் டூ முடித்த மாணவர்களுக்குப் பயிற்சி இடம் கேட்டு நான் சிறு பட்டறைகளுக்குச் செல்வதுண்டு. “பையனை வச்சுக்கிட்டா எனக்கு என்ன சார் லாபம்?” என்று உரிமையாளர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். நான் சொல்லும் பதில் இது.

1961ஆம் ஆண்டின் தொழில் பழகுநர் சட்டம், 1986இல் செய்யப்பட்ட திருத்தத்தால் நம் மாணவர்களுக்கும் பொருந்துகிறது. பயிற்சிக் காலம் ஓராண்டு. குறைந்தபட்ச உதவித்தொகையில் பாதியை மத்திய அரசு ஏற்கிறது. 30 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்களுக்கு இது கட்டாயம். 4 முதல் 29 பேர் வரை உள்ளவை விரும்பினால் சேர்க்கலாம். பழகுநருக்கு வருங்கால வைப்பு நிதி, ஈ.எஸ்.ஐ. கட்ட வேண்டியதில்லை.

பணத்தைவிடப் பெரிய லாபம் ஒன்று உண்டு. ஐந்து பேர் வேலை செய்யும் மோட்டார் வைண்டிங் கடையில் பொருத்தமில்லாத ஒருவரை வேலைக்கு எடுத்தால் இழப்பு பெரிது. பழகுநரின் கைத்திறனையும் நேர்மையையும் ஓராண்டு பார்த்தபின் முடிவெடுக்கலாம்.

உரிமையாளரிடம் ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்லிவிடுவேன்: பழகுநர் மலிவுக் கூலியாள் அல்லர். டீ வாங்கவும் கடை கூட்டவும் மட்டுமே என்றால் அது பயிற்சி ஆகாது.

சென்னை தரமணியில் உள்ள தென்மண்டலத் தொழில் பழகுநர் பயிற்சி வாரியம் இதைக் கவனிக்கிறது. ஒப்பந்தம் பதிவான பிறகே மாணவரை அனுப்புங்கள். பதிவு இல்லையேல் அரசின் பங்கும் இல்லை, சான்றிதழும் இல்லை. ஓராண்டு உழைத்தும் மாணவர் வெறுங்கையோடு நிற்பார்.