புயலுக்கு முன் மரத்தைப் பேணுவோம்

பனி பொழியும் நாடுகளில் குளிர்காலம் வந்தால், கடைகளிலும் விடுதிகளிலும் மரஞ்செடிகளைப் பேணுவோருக்கு இரு கவலைகள் உண்டு. கிளைகளின்மேல் படியும் பனியின் சுமை ஒன்று. பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு மற்றொன்று. நம் புதுவையில் பனிக்கட்டி விழுவதில்லை. ஆயினும் சுமையும் உப்பும் இங்கும் உண்டு. சுமையைத் தருவது புயற்காற்று. உப்பைக் கொணர்வது கடல்.

புதுவையின் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்துவிடுகிறது. புயல்களும் அக்காலத்தில்தான் வருகின்றன. 2011 டிசம்பர் 30 அன்று அதிகாலையில் 'தானே' புயல் புதுவைக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்தது. நகரெங்கும் மரங்கள் சாய்ந்தன. 1826இல் பிரெஞ்சுக்காரர் அமைத்த தாவரவியல் பூங்காவும் தப்பவில்லை.

மரம் ஏன் சாய்கிறது?

காற்றின் வேகம் இரு மடங்கானால் அதன் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். அடர்ந்த தழையுடைய மரம் பாய்மரம் போல அவ்விசையை ஏற்கிறது. அதைத் தாங்க வேண்டியவை வேர்கள். அவற்றில் பெரும்பாலானவை மேல்மண்ணில், இரண்டு மூன்று அடி ஆழத்திற்குள்ளேயே பரவியிருக்கின்றன. மழையில் ஊறிய மண்ணுக்கோ பிடிப்புக் குறைவு. மேலே விசை கூடும் நேரத்திலேயே கீழே பிடி தளர்கிறது. மரம் வேரோடு பெயர்கிறது.

இதில் நம் பங்கும் உண்டு. வாகனம் நிறுத்துவதற்காக மரத்தின் அடிவரை சிமெண்ட் பூசுகிறோம். வேர் மூச்சுவிட வழியில்லை. சாக்கடை தோண்டும்போது ஒரு பக்கத்து வேர்களை வெட்டிவிடுகிறோம். விளம்பரப் பலகைக்காக ஆணி அடிக்கிறோம். காயத்தின் வழியே பூஞ்சை நுழைந்து தண்டு உளுக்கிறது. அம்மரம் கடைவாசலில் நிற்பவர்மேல் விழுந்தால் குற்றம் காற்றினுடையது மட்டுமா?

எப்படிக் கவாத்து செய்வது?

மழைக்கு முன், செப்டம்பரிலேயே இதைச் செய்ய வேண்டும். மரத்தை மொட்டையடித்தல் தவறு. வெட்டிய இடத்தில் கொத்தாகத் துளிர்க்கும் புதுக்கிளைகள் உறுதியாகப் பற்றியிரா. அடுத்த புயலில் எளிதாக முறியும். காய்ந்த கிளைகளையும் ஒன்றோடொன்று உராயும் கிளைகளையும் மட்டும் நீக்கிக் காற்று ஊடுருவ வழிசெய்தால் போதும். கிளை தண்டோடு சேருமிடத்தில் சற்றுப் பருத்த வளையம் ஒன்று இருக்கும். அதைக் காயப்படுத்தாமல் அதற்கு வெளியே வெட்டினால் காயம் விரைவில் மூடும்.

நீரும் உப்பும்

2024 நவம்பர் 30 அன்று 'ஃபெஞ்சல்' புயல் புதுவை அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 46 செ.மீ. மழை கொட்டியது. ஆயிரம் சதுர அடி முற்றத்தில் அது 42,000 லிட்டருக்கும் மேல்! நீர் தேங்கிய மண்ணில் வேர்கள் மூச்சுத் திணறுகின்றன. ஏனெனில், ஆக்சிஜன் காற்றில் பரவுவதைவிட நீரில் ஏறத்தாழப் பத்தாயிரம் மடங்கு மெதுவாகவே பரவுகிறது. ஆகவே வடிகாலை அக்டோபருக்குள் தூர்வார வேண்டும். ஈரப் புல்தரையில் நடப்பதும் புல் வெட்டுவதும் மண்ணை இறுக்கிவிடும்.

கடற்கரையை அடுத்த விடுதிகளில், புயலுக்குப் பின் இலைகளின் ஓரம் கருகுவதைக் காணலாம். இலையில் படிந்த உப்பு அதன் நீரை உறிஞ்சுவதே காரணம். நல்ல நீரால் இலைகளைக் கழுவிவிடுவதே மருந்து. புன்னை, பூவரசு போன்றவை உப்புக் காற்றைத் தாங்குபவை. புதிதாக நடுவோர் இவற்றை நாடலாம்.

பூந்தொட்டிகளின் அடித்தட்டு நீரையும் மறக்கலாகாது. ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து முழு வளர்ச்சி பெற ஏழு முதல் பத்து நாட்களே போதும். வாரம் ஒருமுறை நீரைக் கொட்டிவிட்டால் டெங்குவுக்கு இடமில்லை.

சாய்ந்த மரமெல்லாம் இறந்த மரமன்று. இளமரமாயின், வேரை ஈரச் சாக்கால் மூடி, கிளைகளைக் குறைத்து, விரைவில் நிமிர்த்தி முட்டுக்கொடுத்தால் பிழைக்கக்கூடும். எனினும் வருமுன் காப்பதே சிறந்தது. நிழல் தரும் மரத்தின் அடியில் சிறிது வெறுமண்ணை விட்டுவைப்பதற்குச் செலவு ஏதுமில்லையே!