தமையன் சினமும் சுரத்திடை வழியும்

சென்னையிலிருந்து பெங்களூருக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், திருப்பெரும்புதூரை எய்துமுன் உள்ள ஊர் தண்டலம். அதனை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் 1998-இல் கார்த் தொழிற்சாலை உற்பத்தி தொடங்கிய பின்னர், இவ்வழியெங்கும் ஆலைகள் பெருகின. பல மாவட்டங்களினின்றும் வந்து விடுதிகளில் தங்கிப் பணிபுரியும் இளம்பெண்கள், ஆலைப் பேருந்துகளிற் செல்லும்போது கைப்பேசியில் காதற்புதினம் படித்தலைப் பன்முறை கண்டுள்ளேன். அப்புதினங்களிற் பயின்றுவரும் கதையமைப்பு ஒன்றுண்டு. தலைவிக்குத் தன் உயிர்த்தோழியின் தமையனைக் கண்டாலே வெகுளி எழும். அவனும் அவளை இகழ்வான். யாதோ ஒரு காரணத்தால் இருவரும் ஒரே வண்டியில் நெடுவழி செல்ல நேரும். வழி முடியுமுன் பகை காதலாய்விடும். இவ்வமைப்பு தமிழ் அகமரபோடு எவ்வாறு ஒக்கும், எங்கே வேறுபடும் என்பதனை ஈண்டு ஆராய்வோம்.

இது மேனாட்டுச் சரக்கு என்று கூறி ஒதுக்குவார் உளர். அக்கூற்றிற் பாதி உண்மை. சேன் ஆசுட்டின் 1813-இல் வெளியிட்ட ‘பிரைடு அண்டு பிரெசுடிசு’ என்னும் புதினத்தில், தலைவி தான் வெறுத்தவனின் பண்பினை ஒரு பயணத்தின்போதே தெளிகின்றாள். ‘இட் ஹேப்பண்டு ஒன் நைட்’ என்னும் 1934-ஆம் ஆண்டுத் திரைப்படம் வழிப்பயணத்தையே கதைக்களனாக்கிற்று. அதனைத் தழுவி 1956-இல் இந்தியில் ‘சோரி சோரி’ வந்தது. ஆயினும் பகை, வழி, தமையன் என்னும் மூன்று கூறுகளும் நம் இலக்கியத்திற் பழையனவே. அவை அமைந்த முறைதான் வேறு.

1. வழி

காதலர் இருவர் ஒருவழிச் செல்லுதலைச் சான்றோர் உடன்போக்கு என்றனர். ஓதலாந்தையார் பாடிய ஐங்குறுநூற்றுப் பாலைப் பகுதியில், தாயின் இரக்கத்தையும், இடைச்சுர நிகழ்ச்சிகளையும், மீண்டு வருதலையும் பொருளாகக் கொண்ட மூன்று பத்துக்கள் அமைந்துள்ளன. திருக்கோவையாரின் 400 செய்யுட்களுள் 56 உடன்போக்கிற்கே உரியவை. ஆனால் சங்கத் தலைவி காதலித்த பின்னரே வழிக்கொள்கின்றாள். இக்காலப் புதினத் தலைவியோ வழிக்கொண்ட பின்னரே காதலிக்கின்றாள். அங்கே வழி துணிவின் பயன். இங்கே வழி துணிவின் காரணம்.

சங்க வழிக்குப் பிறிதொரு சிறப்பும் உண்டு. எதிர்ப்படுவோர் காதலரைத் தடுப்பதில்லை. குறுந்தொகை 7-ஆம் பாட்டில், ஆடவன் காலிற் கழலையும் மகள் காலிற் சிலம்பையும் கண்ட வழிப்போக்கர் அவ்விருவர்க்கும் இரங்குகின்றனர். சிலம்பு கழித்தல் மணச்சடங்கு ஆதலின், அவள் மணமாகாதவள் என்பதனை அவர்கள் அறிவர், அறிந்தும் பழித்திலர். கலித்தொகை 9-ஆம் பாட்டில், மகளைத் தேடிவந்த செவிலிக்கு முக்கோற் பகவர் விடையிறுக்கின்றனர். மலையிற் பிறந்த சந்தனம் மலைக்குப் பயன்படுவதில்லை, முத்தும் யாழிசையும் தாம் பிறந்த இடத்திற்கு உதவுவதில்லை, மகளும் அத்தகையள், அவள் மேற்கொண்டது அறநெறியே என்பது அவர் கூற்றின் கருத்து. உறவு அழவைத்ததை வழி தேற்றுகின்றது.

2. பகை

தலைவனும் தலைவியும் முதலிற் பகைவராதல் அகப்பாட்டில் இல்லை. ஊடல் பகையன்று, அது காதல் முற்றிய பின் எழுவது. பகையிற் பிறந்த காதலைக் காண்பதற்குப் பிற்கால நூல்களையே நாட வேண்டும். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில், தடாதகைப் பிராட்டியார் எண்டிசையும் வெல்லப் புறப்பட்டுக் கயிலை வரை சென்று பொருகின்றார். இறைவனைக் கண்ட அளவிற் போர் நாணமாகின்றது. படைச்செலவே மணச்செலவாக முடிந்த அரிய கதை இது. இதற்கு மறுதலையானது, புகழேந்திப் புலவர் பெயரால் வழங்கும் அல்லி அரசாணி மாலை. ஆடவரை வெறுத்து மதுரையை ஆளும் அல்லியை வயப்படுத்த அருச்சுனன் வஞ்சனையை நாடுகின்றான். துயில்வாள் கழுத்தில் தாலி கட்டுகின்றான். தடாதகையின் பகை தானே நெகிழ்ந்தது. அல்லியின் பகை வலிந்து அடக்கப்பட்டது. பகையைக் காதலாக்கும் கதை எதுவாயினும், நெகிழ்ந்தது நெஞ்சமா, தோற்றது வலிமையா என்று வினவுதல் வேண்டும்.

3. தமையன்

சங்கப் பாட்டிற் பகை அறவே இல்லையோ எனின், உண்டு. அது தமையன்மாரிடம் உண்டு. தோழி செவிலியின் மகள் என்பது தொல்காப்பியக் களவியல் விதி. ஒருமனையில் உடன் வளர்ந்தவள் ஆதலின், தலைவியின் தமையன்மாரைத் தோழியும் ‘என்னையர்’ என்றே சுட்டுகின்றாள். அச்சொல் வருமிடம் கலித்தொகை 39. ஆற்றுவெள்ளத்திற் சிக்கிய தலைவியைக் காத்தவனே அவளுக்கு உரியவன் எனத் தோழி அறத்தொடு நிற்கின்றாள். தாய் அதனை மைந்தர்க்கு உரைக்கின்றாள். அவர்கள் அம்பினை நோக்கி, வில்லினை நோக்கிக் கண் சிவக்கின்றனர். ஒரு பகல் முழுதும் சினந்து, பின்னர் ஆறி, இருவர்பாலும் குற்றமில்லை எனத் தெளிந்து தலை கவிழ்கின்றனர்.

நற்றிணை 362-இல் தலைவன் கூற்று இதனினும் நுண்ணிது. சுரத்திடைப் பகைவர் வரின் அஞ்சாது பொருது துரத்துவேன். நின் சுற்றத்தார் வரின் மறைந்துகொள்வேன் என்கின்றான். வலியிலான் அல்லன், அவள் உடன்பிறந்தாரைப் பகைவராக எண்ண மனமிலான்.

பாரதத்திலும் இம்முறையே காண்கிறோம். வில்லிபுத்தூரார் பாரதத்து ஆதிபருவத்தில் அருச்சுனன் தீர்த்த யாத்திரை ஒரு சருக்கமாக அமைந்துள்ளது. அவ்யாத்திரையின் இடையே அவன் தன் ஆருயிர் நண்பனாகிய கண்ணனின் தங்கை சுபத்திரையை விழைகின்றான். தமையன் பலராமன் வெகுண்டெழ, இளைய தமையன் கண்ணன் அச்சினத்தைத் தணிக்கின்றான்.

இவற்றால் பெறப்படுவது யாது? தமிழ் மரபிற் பகை அன்பாக மாறும் இடம் காதலர் நெஞ்சமன்று, தமையன் நெஞ்சமே. இக்காலப் புதினம் இவ்விடத்திற்றான் வேறுபடுகின்றது. அது தமையனின் சினத்தை ஆற்றுவதில்லை. தோழியின் தமையனையே தலைவனாக்கி, அச்சினம் எழுதற்கே இடமின்றிச் செய்துவிடுகின்றது. குறுந்தொகை 40-இல் இருவர்தம் பெற்றோரும் ஒருவர்க்கொருவர் யாதும் உறவினர் அல்லர். புதினத் தலைவனோ அறிந்த வீட்டான். தோழி வழியே முன்னரே உறவானவன். பகை சொல்லளவினது, இடர் யாதும் இல்லை.

முடிவுரை

இதனைப் புதினம் படிக்கும் பெண்களின் குறையெனக் கருதுதல் பொருந்தாது. சாதி கடந்து மணந்தாரை உடன்பிறந்தாரும் உறவினரும் கொல்லும் கொடுமை நம் நாட்டில் இன்றும் நிகழ்கின்றது. வயது வந்த இருவர் மணத்திற்குக் குடும்பத்தின் ஒப்புதலோ குலத்தின் ஒப்புதலோ வேண்டுவதில்லை என்று 2018 மார்ச் 27-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளிக்க நேர்ந்தது. இந்நிலையில், இடரற்ற காதலைக் கதையிலேனும் நாடுதல் இயல்பே. தமையனுக்கு அஞ்சும் நாட்டில் தமையனே காதலனாகும் கதை விரும்பப்படுவதில் வியப்பில்லை.

ஆயினும் குறிஞ்சிக்கலி காட்டும் தமையன்மாரை நாம் மறத்தலாகாது. வில்லும் அம்பும் அவர் கையகத்தே இருந்தன, சினமும் இருந்தது. ஒரு பகற்பொழுது எண்ணிப் பார்த்தனர், குற்றமின்மை கண்டனர், கருவியைத் தாழ்த்தாது தலையைத் தாழ்த்தினோம் என்னும் நாணமும் அவர்க்கு இல்லை. தண்டலத்துச் சாலையில் நாளும் செல்லும் பெண்கட்குத் தோழியின் தமையன் தலைவனாக வாய்த்தல் வேண்டுவதன்று. தம் தமையன் அவ்வொரு பகற்பொழுது எண்ணிப் பார்ப்பவனாக இருத்தலே வேண்டுவது.