நெரிசல் கட்டணம் வந்தா தாம்பரத்துக்கு என்ன ஆகும்?

(எபிசோடின் திருத்திய எழுத்து வடிவம்)

நெரிசல் நேரத்துல நகரத்துக்குள்ள வண்டி ஓட்டினா தனியா காசு கட்டணும். இதுதான் நெரிசல் கட்டணம். டோல்கேட்ல ரோடு போட்ட செலவை வசூல் பண்றாங்க. இது வேற. "இந்த நேரத்துல வண்டியை எடுத்தே ஆகணுமா?"ன்னு உங்களை யோசிக்க வைக்கிறதுதான் இதோட வேலை.

லண்டன்ல 2003-லயும், நியூயார்க்ல 2025 ஜனவரியிலயும் ஆரம்பிச்சாங்க. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோடுக்கும் பேச்சு அடிபட்டுச்சு. சென்னையில இன்னும் வரலை. வந்தா, தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரத்துல இருக்கிற நம்ம கதி என்ன?

சிங்கப்பூர் சொல்ற பாடம்

இதுல முன்னோடி சிங்கப்பூர். 1975 ஜூன்ல, காலை நெரிசல் நேரத்துல நகர மையத்துக்குள்ள கார் நுழைய ஒரு நாளைக்கு 3 வெள்ளின்னு வெச்சாங்க. கார்ல நாலு பேர் இருந்தா இலவசம். பஸ், பைக்குக்கும் கட்டணம் கிடையாது. அந்த நேரத்துப் போக்குவரத்து 40 சதவீதத்துக்கும் மேல குறைஞ்சுது.

ஆனா கூடவே செஞ்ச ஒரு ஏற்பாடு படுத்துருச்சு. மையத்துக்கு வெளியில பெரிய பெரிய பார்க்கிங் கட்டி, "காரை இங்க விட்டுட்டு எங்க பஸ்ல போங்க"ன்னாங்க. பெரிசா யாரும் வரலை. பாதி வழியில இறங்கி மாற ஜனங்களுக்குப் பிடிக்கலை. வீட்டுப் பக்கத்துலயே நேரா பஸ் ஏறிட்டாங்க.

கோடு எங்க விழுது?

நம்ம ஊருக்கு வருவோம். கட்டணம் அண்ணா சாலை, தி.நகர் பக்கம்னா தாம்பரத்துக்காரருக்குப் பெரிய அடி இல்லை. கடற்கரை வரைக்கும் மின்சார ரயில் இருக்கு. 21ஜி பஸ்ஸும் இருக்கு. சாதாரணக் கட்டணப் பஸ்ல பெண்களுக்கு 2021-லேர்ந்து டிக்கெட்டே கிடையாது.

அதே கட்டணம் ஓ.எம்.ஆர்.ல வந்தா கதை வேற. தாம்பரத்துலேர்ந்து சோழிங்கநல்லூருக்கோ சிறுசேரிக்கோ ரயில் இல்லை. மேடவாக்கம் வழியா ரோடுதான். ஓ.எம்.ஆர். மெட்ரோ வேலை இன்னும் நடந்துட்டு இருக்கு. அதுவும் மாதவரத்துலேர்ந்து வர்ற பாதை, தாம்பரத்தைத் தொடாது. ஸ்கூட்டர்ல போறவங்க பலருக்கு அது சொகுசு இல்லை, வேற வழி இல்லாத நிலைமை. அவங்ககிட்ட வசூல் பண்ணினா நெரிசல் குறையாது, மாசச் சம்பளம்தான் குறையும்.

வரிசைதான் முக்கியம்

2023 டிசம்பர்ல கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறந்தப்போ என்ன ஆச்சு? தென் மாவட்ட பஸ்கள் அங்க போச்சு. விமான நிலையத்துலேர்ந்து அங்க போக வேண்டிய மெட்ரோ மட்டும் கூடவே வரலை. மூட்டை முடிச்சோட இறங்கி வண்டி மாறினவங்களுக்கு அந்தக் கஷ்டம் தெரியும்.

அதனால நான் கேக்கிறது மூணே விஷயம். முதல்ல தாம்பரம்–ஓ.எம்.ஆர். கூடுதல் நேரடி பஸ், அப்புறம் கட்டணம். மாற்று வழி வர்ற வரைக்கும் டூவீலருக்கு விலக்கு. வசூலாகிற பணம் பஸ்ஸுக்கே போகணும், வருஷா வருஷம் கணக்கை வெளியிடணும்.

இந்த மூணும் இருந்தா நான் ஆதரிக்கிறேன். ஏன்னா ஜி.எஸ்.டி. ரோடு நெரிசல்ல நிக்கிற ஒவ்வொரு பஸ்ஸுக்குள்ளயும் கார் இல்லாதவங்க நேரம் இப்பவே கட்டணமா போயிட்டுதான் இருக்கு.

உங்க ரூட்ல என்ன பஸ் வேணும்னு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல பார்க்கலாம்.