94-இல் நின்றுவிடும் நன்றிக்கடன்

டெக்சாஸ் மாநிலத்தில் வருமான வரி கிடையாது. பள்ளிகளும் நகராட்சிகளும் சொத்து வரியையே பெரிதும் நம்பியிருப்பதால், வீட்டு வரி அங்கே பெரும் சுமை. ராணுவப் பணியால் 100 சதவீத ஊனம் அடைந்ததாக அமெரிக்கப் படைவீரர் நலத்துறை ஏற்றுக்கொண்ட முன்னாள் வீரருக்கு, அவர் குடியிருக்கும் வீட்டுக்கு 2009 முதல் அந்த வரி அறவே இல்லை. அவர் இறந்தபின் மறுமணம் செய்யாத துணைக்கும் இது தொடர, 2011-இல் வாக்காளர்கள் ஒப்புதல் தந்தார்கள். நல்ல சட்டம். ஆனால் 90 சதவீதத்தில் இருப்பவருக்குக் கிடைப்பது என்ன? வீட்டு மதிப்பில் 12,000 டாலர் கழிவு, அவ்வளவுதான். வரி விகிதம் 2 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 240 டாலர் மிச்சம். மூன்று லட்சம் டாலர் வீட்டில் வாழும் 100 சதவீதக்காரருக்கு, மற்றப் பொதுச் சலுகைகளைச் சேர்க்காமல் பார்த்தால், 6,000 டாலர் மிச்சம்.

இந்தப் பள்ளம் உடல்நிலையால் விழுந்ததல்ல, கணக்கு முறையால் விழுந்தது. நலத்துறை ஊனங்களைக் கூட்டுவதில்லை. முதல் ஊனம் போக மிஞ்சிய பங்கில்தான் அடுத்ததைக் கணக்கிடுகிறது. 90 சதவீதத்தோடு 40 சதவீதப் பாதிப்பு ஒன்று சேர்ந்தால் மிஞ்சிய 10-இல் 4 கூடி 94 ஆகும். அது 90 என்றே முழுமையாக்கப்படும். இரண்டாவது பாதிப்பு 50 என்றால் 95; அது 100 ஆகிவிடும். ஒரே ஒரு புள்ளியில் ஒரு குடும்பத்தின் வரி முழுவதும் போகிறது அல்லது நிற்கிறது.

எங்காவது கோடு கிழிக்கத்தானே வேண்டும் என்பார்கள். வேண்டும், ஆனால் கோட்டுக்குக் கீழே படிக்கட்டு வைக்கலாம். இலினாய் மாநிலத்தில் 70 சதவீதத்திலேயே சாதாரண வீடுகளுக்கு வரி முழுதும் நீங்குகிறது. வேலைக்கே போக முடியாதவர் என்று நலத்துறை சான்று தந்தால் டெக்சாஸிலும் முழு விலக்கு உண்டே என்பது இன்னொரு பதில். என்னை அதிகம் உறுத்துவது அதுதான். வலியோடு தட்டுத்தடுமாறி வேலைக்குப் போகிறவருக்கு அந்த வழி அடைபட்டிருக்கிறது, உழைப்பதற்குத் தண்டனையா?

செலவு பற்றிய மறுப்பு கனமானது. ஃபோர்ட் ஹூட் படைத்தளத்தை ஒட்டிய கில்லீன் போன்ற ஊர்களில் ஓய்வுபெற்ற வீரர்கள் திரளாகக் குடியேறுவதால், நகராட்சியின் வருவாய் குறைகிறது. தேசத்துக்காகப் பட்ட காயத்துக்கு ஒரு சிற்றூர் விலை கொடுப்பது நியாயமல்ல. அதை உணர்ந்துதான், இப்படி மிகுதியாகப் பாதிக்கப்படும் ஊர்களுக்கு மாநில அரசே ஈடு கொடுக்க 2015-இல் சட்டம் செய்தது. அந்த ஈட்டை விரிவாக்க வேண்டுமே தவிர, வீரரின் சலுகையைச் சுருக்கக் கூடாது.

12,000 டாலர் என்ற வரம்பு மாநில அரசியலமைப்பிலேயே இருக்கிறது. மாற்ற வாக்கெடுப்பு வேண்டும். துணைவர்களுக்காக 2011-இல் இசைந்த டெக்சாஸ் வாக்காளர்கள் முன் இந்தக் கேள்வியையும் சட்டமன்றம் வைக்கட்டும்.